மூன்றாவது ஊசிக்கும் நிற்காத மாடு

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து அமைப்பதற்கு ஒன்றிய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. அதை எதிர்த்து ஊர்க்காரர்கள் எழுப்பிய கேள்விகளில், மாட்டை இனி எங்கே ஓட்டிப்போய் மேய்ப்பது என்பதும் ஒன்று. இயற்பியலைப் பற்றிய பெரிய விவாதத்தில் அந்தக் கேள்வி ஓரம் போய்விட்டது. ஆனால் அடிவாரத்து வீடுகளில் வரவுசெலவுக் கணக்கு மாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மானாவாரி வெள்ளாமை ஒரு வருடம் கைகொடுக்கும், ஒரு வருடம் கைவிடும். பால் சங்கத்துப் பணம் அப்படியல்ல. மாடு கறவையில் இருக்கிறவரை வந்துகொண்டிருக்கும்.

மாடு கறவையில் இருக்க வேண்டுமானால் அது சினை பிடிக்க வேண்டும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கு தேற, ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினையாகியிருக்க வேண்டும். பருவமோ 21 நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. மூன்று பருவம் தவறினால் இரண்டு மாதத் தீவனம் போயிற்று. ‘மூணு ஊசி போட்டாச்சு, நிக்கல’ என்ற புலம்பலைக் கம்பம் பள்ளத்தாக்கின் எந்தக் கால்நடை மருந்தகத்திலும் கேட்கலாம். பழி யார் மேல் விழும் என்பதும் தெரிந்ததுதான்: கருவூட்டல் ஊசி போட்டவர் மேல், உறைவிந்தின் மேல், கடைசியில் மாட்டின் மேல். மாட்டுக்குள் குடியிருக்கும் ஒட்டுண்ணிகள் மேல் சந்தேகம் விழுவது அபூர்வம்.

அவற்றின் பங்கை மிகைப்படுத்தவும் கூடாது. சினை நிற்காத மாடுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. பருவ அறிகுறியைக் கவனிக்காமல் விடுவது, காலையில் கத்திய மாட்டுக்கு மறுநாள் மதியம் ஊசி போடுவது, தாது உப்புப் பற்றாக்குறை, ஈன்றபின் கருப்பையில் தங்கிய சீழ், வெயில் என்று பட்டியல் நீளும். ஒட்டுண்ணி இவற்றோடு சேர்ந்து நிற்கும் ஒரு காரணம். ஆனால் எந்த ஒட்டுண்ணி, மாட்டின் எந்த வயதில், எந்த வழியாகக் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல், ‘புழு மருந்து கொடுத்தாச்சா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு முடித்துக்கொள்வதுதான் வழக்கமாக இருக்கிறது. ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாவது இது: கருப்பைக்குள்ளேயே புகுந்து வேலை செய்பவை மிகச் சில. பெரிய நட்டத்தைச் செய்பவை வயிற்றிலும் கல்லீரலிலும் இரத்தத்திலும் இருந்துகொண்டு சுற்றுவழியில் கெடுக்கின்றன. அந்த நட்டத்தைக் கறவைப் பசுவைவிட அதிகம் சுமப்பது கிடேரி.

கருப்பைக்குள் புகுபவை

நேரடியாகப் புகுபவற்றில் பழைய பெயர் டிரைட்ரைக்கோமோனாஸ் ஃபீட்டஸ். சவுக்குபோல் இழைகள் கொண்ட ஒற்றைச் செல் உயிரி. காளையின் உறைத்தோல் மடிப்புகளில் வாழும். காளைக்கு ஒரு நோவும் தெரியாது. சேர்க்கையின்போது பசுவுக்குக் கடத்திவிடும். சினை பிடிக்கும், சில வாரங்களில் கரு செத்துவிடும், மாடு மறுபடி பருவத்துக்கு வரும். 21 நாள் கணக்கில் வராமல் 40, 50 நாள் என்று ஒழுங்கில்லாமல் வருவது இதன் அடையாளம். சில மாடுகளில் கருப்பை நிறையச் சீழ் கட்டும். பசு சில மாதம் காளையோடு சேராமல் இருந்தால் பெரும்பாலும் தானே தேறிவிடும். வயதான காளையோ ஆயுளுக்கும் சுமக்கும்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இந்த நோயை விரட்டியது மருந்தல்ல, செயற்கை முறைக் கருவூட்டல். இந்தியாவில் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் தொடங்கிவைத்த அந்த முறை, இன்று சிற்றூர்வரை வந்துவிட்டது. ஆனால் ஒரு செய்தியை மறக்கக்கூடாது: திரவ நைட்ரஜனில் உறையவைத்தாலும் இந்த உயிரி சாவதில்லை. அதனால்தான் உறைவிந்து நிலையங்களுக்கான தேசியத் தர விதிமுறை காசநோய், புருசெல்லா போன்றவற்றோடு இதற்கும் காளைகளைச் சோதிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஈச்சங்கோட்டை, உதகை, ஓசூர் நிலையங்களில் எடுக்கப்படும் விந்து இந்த வடிகட்டலைத் தாண்டித்தான் வருகிறது. ஆகவே ஊசி போட்ட கலப்பினப் பசு சினை நிற்கவில்லை என்றால் இதைச் சந்தேகிக்க அவ்வளவு இடமில்லை.

இயற்கைச் சேர்க்கை இன்னும் நடக்கும் இடம் வேறு. தேனி மாவட்டத்து மலைமாடுகள் கூட்டமாக மேய்ந்து, கூட்டத்துக் காளையோடு சேர்ந்து, விளைநிலங்களில் கிடை போட்டு வாழ்பவை. பட்டி மாட்டில் ஒழுங்கில்லாத பருவமும் சீழும் சேர்ந்து தெரிந்தால் பசுக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிடக் காளையின் உறைத்தோல் கழுவுநீரைச் சோதிப்பது நல்லது. கூட்டத்தையே சுமப்பது காளை.

அடுத்தது நியோஸ்போரா கேனினம். புதிதாகத் தெரியவந்த பழைய எதிரி. 1984இல் நார்வேயில் நாய்க்குட்டிகளில் முதலில் கவனிக்கப்பட்டது. 1988இல் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டவர் ஜிதேந்தர் துபே. இந்தியாவில் பிறந்து, அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ஒட்டுண்ணி ஆய்விலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அடுத்த ஆண்டே நியூ மெக்சிகோவின் ஒரு கறவைப் பண்ணையில் வரிசையாகக் கன்று வீசிய மாடுகளில் இது கண்டுபிடிக்கப்பட்டது. 1998இல் இதன் முதன்மை ஓம்புயிரி நாய் என்று உறுதியானது. நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டைக்கூடுகள் தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்து மாட்டுக்குள் போகின்றன. மாடு வீசிய கருவையோ நஞ்சுக்கொடியையோ தின்ற நாய்க்கு மறுபடி தொற்று. சுற்று முழுமையாகிவிட்டது.

இதில் நாய் பாதிக் கதைதான். மீதிப் பாதி தாயிடமிருந்து வயிற்றுக் கன்றுக்குப் போவது. தொற்றுள்ள பசு ஈனும் கன்றுகளில் பெரும்பாலானவை தொற்றோடுதான் பிறக்கின்றன. சில மந்தைகளில் இது 90 விழுக்காட்டையும் தாண்டும். கன்று பார்க்க நன்றாகவே இருக்கும். அது வளர்ந்து கிடேரியாகி முதல் சினையில் இருக்கும்போது ஒட்டுண்ணி விழித்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றோடு பிறந்த கிடேரிகள் முதல் சினையில் கன்று வீசும் ஆபத்து மற்றவற்றைவிட 7 மடங்குக்கு மேல் இருந்தது. நல்ல கறவை என்று ஒரே பசுவின் வழியில் கிடேரிகளைத் தேர்ந்து வளர்ப்பவர், தெரியாமல் இந்தத் தொற்றையும் தலைமுறைக்குத் தலைமுறை வளர்த்துக்கொண்டிருக்கக்கூடும். 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு, 10 நாடுகளில் மாடுகளுக்கு இதனால் ஆகும் நட்டத்தை ஆண்டுக்கு 100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்கிறது. நியூசிலாந்தில் வந்த ஒரு தடுப்பூசி பலன் போதாமல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மருந்தும் இல்லை.

இந்தியாவில் பஞ்சாபிலும் தென்மாநிலங்களிலும் மாடுகளின் இரத்தத்தில் நியோஸ்போராவுக்கான எதிர்ப்புப்பொருள் கண்டறியப்பட்டிருக்கிறது. எதிர்ப்புப்பொருள் இருப்பதும், ஒரு குறிப்பிட்ட கன்றுவீச்சுக்கு அதுதான் காரணம் என்பதும் வேறுவேறு. இரண்டாவதை நிறுவ வீசிய கருவின் மூளை, இதயத் திசுக்களைப் பார்க்க வேண்டும். வீசிய கருவைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு மறுவேலை பார்க்கும் ஊர்களில் அது நடப்பதில்லை. அதனால் சினை எத்தனையாவது மாதத்தில் கலைந்தது என்ற ஒரே தகவலை வைத்துத்தான் முதல் ஊகத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் சில மாதங்களுக்குள் என்றால் டிரைட்ரைக்கோமோனாஸ் போன்றவை. 5, 6 மாதம் என்றால் நியோஸ்போரா. 7 மாதத்துக்கு மேல், நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கினால் புருசெல்லா. இது துல்லியமான அளவுகோல் அல்ல, ஆனால் வேறு ஒன்றும் கையில் இல்லாதபோது உதவும். புருசெல்லா ஒட்டுண்ணி அல்ல, பாக்டீரியா, மனிதருக்கும் தொற்றும். எனவே எந்த மாதத்தில் வீசியிருந்தாலும் வெறுங்கையால் தொடக்கூடாது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் போடும் புருசெல்லா தடுப்பூசி 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இலவசம்.

மாடு ஈன்றதும் விழும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. பால்மரம் என்பதால் மாட்டுக்கும் பால் பெருகும் என்ற நம்பிக்கை. பால் பெருகுகிறதோ இல்லையோ, நாய்க்கு எட்டாமல் போகிறது. நியோஸ்போராவின் சுற்றில் ஒரு கண்ணி அறுகிறது. இதைச் சொன்னதும் முன்னோர் எல்லாம் அறிந்து செய்தார்கள் என்று கிளம்பத் தேவையில்லை. காக்கை கொத்தி இழுத்துக் கீழே போட்டால் அந்தப் பலனும் இல்லை. ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே உறுதியானது.

கல்லீரல் வழியாக

கம்பம் பள்ளத்தாக்கு ஒட்டுண்ணிக் கணக்கில் ஒரே நிலம் அல்ல. 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் நீரில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் வயல்வெளி ஒரு பக்கம். பொட்டிப்புரம் போன்ற அடிவாரத்து மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமும் இன்னொரு பக்கம். முதலாவது நத்தையின் நாடு, இரண்டாவது உண்ணியின் நாடு. நடுவில், தேவாரம் பக்கத்துக் கண்மாய்களுக்குப் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் 18ஆம் கால்வாய் இந்த எல்லையைக் கொஞ்சம் அழிக்கிறது. தண்ணீர் வருவது நல்ல செய்தி. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு நத்தையும் வந்து சேரும்.

நத்தை இல்லாமல் கல்லீரல் தட்டைப்புழு இல்லை. நம் பக்கத்து இனம் ஃபேசியோலா ஜைஜான்டிகா. இலை வடிவில் ஒரு விரல் நீளத்துக்கு வளரும். சாணத்தோடு விழும் முட்டை தண்ணீரில் பொரிந்து, லிம்னியா வகை நத்தைக்குள் புகுந்து, அங்கே பலமடங்காகப் பெருகி வெளியே வந்து, நீரோரப் புல்லிலும் நெல் தாளிலும் கூடுகட்டி ஒட்டிக்கொள்ளும். மாடு அதைத் தின்னும். குடலைத் துளைத்து, கல்லீரலைக் குடைந்து, பித்தக்குழாயில் போய்த் தங்கும். முட்டையிட மூன்று மாதத்துக்கு மேலாகும். அதுவரை சாணத்தைச் சோதித்தாலும் ஒன்றும் தெரியாது. கல்லீரல் மட்டும் அரிபட்டுக்கொண்டிருக்கும். தாடை வீங்கியபிறகு நோயைத் தெரிந்துகொள்வது தாமதமாகத் தெரிந்துகொள்வதுதான்.

கல்லீரலில் இருக்கும் புழுவுக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்? பருவத்தைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனை வேலை முடிந்ததும் உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அது நலிந்தால் ஹார்மோன் இரத்தத்தில் தங்கி, மூளைக்கும் சினைப்பைக்கும் நடுவே ஓடும் சமிக்ஞை குழம்பும். ஸ்பெயினில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில் கிடேரிகளுக்குத் தட்டைப்புழுத் தொற்றை ஏற்படுத்திப் பார்த்தார்கள். தொற்றியவற்றில் ஈஸ்ட்ரோஜன் கூடியிருந்தது, முதல் பருவம் 39 நாள் தள்ளிப்போனது. புரதமும் இரும்பும் வெளியேறி இரத்தம் குறைவது இதற்கு மேல்.

மந்தை அளவில் பார்க்கும்போது சேதம் சிறியதாகத் தெரியும். பெல்ஜியத்தில் 2007இல் வெளியான ஆய்வு ஒவ்வொரு பண்ணையின் மொத்தப் பாலிலும் தட்டைப்புழு எதிர்ப்புப்பொருளை அளந்தது. தொற்று மிகுந்த பண்ணைகளில் மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பால் 0.7 கிலோ குறைவு, ஈற்று இடைவெளி 4.7 நாள் அதிகம். 4.7 நாள்தானா என்று தோன்றும். அது சராசரி. எல்லா மாட்டுக்கும் ஐந்து நாள் தள்ளிப்போகவில்லை. சில மாடுகளுக்கு ஒரு பருவமே தவறி, பலவற்றுக்கு ஒன்றும் ஆகாமல், கூட்டி வகுத்தால் இப்படி வரும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்குச் சராசரி கிடையாது. தவறினால் அவருடைய மாட்டுக்கு முழு 21 நாள். இந்த இரண்டு ஆய்வுகளும் குளிர்நாட்டு இனமான ஃபேசியோலா ஹெபாடிகாவைப் பற்றியவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்முடையது அதைவிடப் பெரிது. எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. செயல்படும் வழியைப் பொருத்தலாம்.

நெல் பூமிக்கு இந்தோனேசியாவிலிருந்து கற்றுக்கொள்ள இருக்கிறது. அங்கும் மாடு, வயல், நத்தை, இதே ஜைஜான்டிகா. புழுக்கூடுகள் நெல் தாளின் அடியில் மூன்றில் ஒரு பங்கிலேயே பெரும்பாலும் ஒட்டியிருக்கின்றன என்று அங்கே கண்டார்கள். பச்சைத் தாளை அடியோடு அறுத்துப் போடாமல் மேல்பகுதியைப் போடுவதும், அடித்தாளைச் சில நாள் வெயிலில் நன்றாகக் காயவைப்பதும் தொற்றைக் குறைக்கின்றன. நன்றாகக் காய்ந்த வைக்கோல் பயமில்லை. வாத்துகளையும் அங்கே பயன்படுத்திப் பார்த்தார்கள். வாத்தின் வேறொரு புழு அதே நத்தைக்குள் புகுந்து, தட்டைப்புழுவின் இளம் பருவத்தை அழித்துவிடுகிறது. அறுவடைக்குப்பின் வயலில் வாத்து மேய விடுகிற ஊர்களில் இது யோசித்துப் பார்க்க வேண்டிய செய்தி.

‘எங்க மாடு மேயப் போறதே இல்ல, கட்டுத்தறியிலதான் நிக்குது’ என்பார்கள். கொட்டத்தில் நின்றாலும் வாய்க்கால் கரைப்புல்லை அறுத்துவந்து போட்டால் புழு கட்டோடு வந்து சேரும். கிணற்றுத் தோட்டத்துக் கோ-4 புல்லுக்கும் வாய்க்கால் புல்லுக்கும் வித்தியாசம் இங்கேதான்.

நத்தை வழி வரும் இன்னொன்று மூக்கில் குடியிருக்கும் சிஸ்டோசோமா நேசாலே. 1933இல் இதை விவரித்தவர் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் அனந்தநாராயண ராவ். மாடு குறட்டை விடும், மூக்கில் சளி தொங்கும், தெருவே அறியும். அதற்கு மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள். கல்லீரல் புழு சத்தமே போடுவதில்லை. அதற்கு யாரும் ஓடுவதில்லை.

வயிற்றுப் புழுவும் கிடேரியின் கடிகாரமும்

ஹீமோன்கஸ், கூப்பீரியா, ஈசோஃபகோஸ்டோமம் என்று நீளும் உருளைப்புழுக் கூட்டம் சினைப்பையைத் தொடுவதே இல்லை. அவை செய்வது பசியைக் குறைப்பது, புரதத்தைக் கசியவிடுவது, சில இரத்தத்தை உறிஞ்சுவது. இங்கே ஓர் அடிப்படையை நினைவில் கொள்ள வேண்டும். கிடேரி பருவத்துக்கு வருவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயதல்ல, உடல் எடை. கொழுப்பிலிருந்து வரும் லெப்டினும், கல்லீரலிலிருந்து வரும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியும் ‘உடம்பு தயார்’ என்று மூளைக்குச் சொன்னால்தான் இனப்பெருக்க ஹார்மோன்கள் ஒழுங்கான துடிப்பில் சுரக்கத் தொடங்கும். கலப்பினக் கிடேரி 15 முதல் 18 மாதத்துக்குள் 250 கிலோவைத் தொட வேண்டும் என்பது பொதுவான இலக்கு. புழு தின்ற கிடேரி இரண்டரை வயதிலும் அதைத் தொடாமல் நிற்கும். கண்ணுக்கு நோய் எதுவும் தெரியாது. ‘இது கொஞ்சம் மந்தம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வயதோடு எதிர்ப்பும் வளர்கிறது. இரண்டு மூன்று ஈத்துக் கண்ட பசுவின் சாணத்தில் முட்டைகள் குறைவாகவே இருக்கும். ஈனும் காலத்தை ஒட்டி மட்டும் எதிர்ப்பு சற்றுத் தளரும். இளங்கன்றுக்கு அந்தக் காப்பு இல்லை. டாக்சோகாரா விட்டுலோரம் என்ற பெரிய புழு தாயின் தசையில் உறங்கிக் கிடந்து, ஈன்றதும் பாலோடு கன்றுக்குப் போகிறது. எருமைக் கன்றுகளில் இது கூடுதல். சீம்பால் குடித்த வாரத்திலேயே தொடங்கும் இந்தப் பின்னடைவை, 18ஆம் மாதத்தில் பருவம் வரவில்லையே என்று கேட்கும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பத்தாம் நாள் வாக்கில் கன்றுக்குப் புழு மருந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆய்வுகள் இங்கே ஒரு பக்கமாகப் பேசவில்லை. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. கிடேரிகளுக்குப் புழு நீக்கினால் பருவம் முந்துகிறது என்று வட அமெரிக்கச் சோதனைகள் 1990களில் காட்டின. கறவைப் பசுக்களில் கதை வேறு. 2004இல் கனடிய ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் புழு நீக்கத்தால் பால் நாளொன்றுக்கு 0.35 கிலோ கூடியது. சினை பிடிப்பதில் சில சோதனைகளில் முன்னேற்றம், சிலவற்றில் ஒன்றுமில்லை. இதைப் புழு மருந்தே வீண் என்று படிக்கக் கூடாது. வளர்ந்த பசுவின் உடம்பு புழுவோடு ஓரளவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுவிட்டது. வளரும் உடம்புக்கு அந்த வசதி இல்லை. ஆனால் வீட்டில் பணம் செலவாவது எதற்கு? பால் கொடுக்கும் மாட்டுக்குத் தவிடு, புண்ணாக்கு, புழு மருந்து எல்லாம். வரவு கொடுக்காத கிடேரிக்கு மிச்சம் மீதி. கோளாறு பெரும்பாலும் இந்தப் பங்கீட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இரத்தத்தில் இருப்பவை

பொட்டிப்புரம் பக்கத்துக் காட்டோர மேய்ச்சலுக்கு இந்தப் பகுதிதான் நெருக்கமானது. உண்ணி கடத்தும் தைலேரியா, பேபீசியா. மாட்டு ஈ கடத்தும் டிரிப்பனோசோமா இவான்சி. கடைசியானதை 1880இல் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் கிரிஃபித் இவான்ஸ் கண்டுபிடித்தார்; டிரிப்பனோசோமா பேரினத்தில் நோய் உண்டாக்குவதாக உலகில் முதலில் அறியப்பட்டது அதுதான். மூன்றும் சினையைக் கெடுப்பது ஏறத்தாழ ஒரே வழியில்: கடும் காய்ச்சல், இரத்தசோகை, அதையொட்டிக் கன்று வீச்சு, பிழைத்த மாட்டில் மாதக்கணக்கில் பருவம் வராமை. பேபீசியாவில் சிறுநீர் சிவப்பாகப் போவதால் தெரிந்துவிடும். தைலேரியாவில் கழுத்து, தோள் பக்கத்து நெறிகள் வீங்கும்; கலப்பினத்துக்குத்தான் ஆபத்து அதிகம். புப்பார்வகோன் உரிய காலத்தில் போட்டால் மாடு பிழைக்கும், சினை பிழைக்குமா என்பது அதிர்ஷ்டம். டிரிப்பனோசோமா விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக இழுத்துக்கொண்டே போகும். இரத்தத் தடவலில் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாடுகள் 95 லட்சத்துக்குச் சற்று மேல், பெரும்பகுதி கலப்பினம். உண்ணியை ஓரளவு உதறிவிடும் தடித்த தோலும் எதிர்ப்பும் கொண்ட நாட்டுமாடு மேய்ந்த அதே காட்டோரத்தில், ஜெர்சிக் கலப்பு மாடு கால் வைக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. உண்ணி மருந்தை அளவு குறைத்துத் தண்ணீரில் கலக்கித் தெளித்துத் தெளித்து, அதற்கும் சாகாத உண்ணிகள் நாட்டின் பல பகுதிகளில் உருவாகிவிட்டன. சுவர் வெடிப்பிலும் தொழுவத்துக் கூரையிலும் முட்டையிடும் உண்ணியை மாட்டின் மேல் மட்டும் தேடுவதில் பயனில்லை.

மேய்ச்சல் நிலத்தின் கதையும் இதில் சேரும். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதி மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. காட்டுக்கு எது நல்லது என்பது தனி வாதம். மாட்டின் பக்கமிருந்து பார்த்தால், பரந்து மேய்ந்த மந்தை சிறிய இடத்தில் நெருங்கும்போது தன் சாணத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி மேய்கிறது. புழுக்குஞ்சும் உண்ணியும் அதே இடத்தில் அடர்கின்றன. மேய்ச்சலைச் சுருக்கும் எந்த முடிவும் ஒட்டுண்ணிச் சுமையைக் கூட்டும் முடிவுமாகும் என்பது அந்த விவாதங்களில் பேசப்படவில்லை.

மருந்தும் அதன் குறும்பும்

புழு மருந்து தானே சினையைக் கெடுக்கும் சந்தர்ப்பமும் உண்டு. அல்பெண்டசோலைச் சினையின் முதல் 45 நாளில் கொடுக்கக்கூடாது, கருவுக்கு ஆகாது. போன மாதம் ஊசி போட்ட மாடு, இந்த மாதம் புழு நீக்க முகாம், வரிசையில் நிற்கும் எல்லா மாட்டுக்கும் ஒரே மருந்து என்றால் என்ன நடக்கும்? ஊசி போட்ட தேதியைச் சொன்னால் மருத்துவர் ஃபென்பெண்டசோலுக்கு மாற்றிக்கொடுப்பார். சொல்ல வேண்டியவர் மாட்டுக்காரர். ஐவர்மெக்டின் பாலில் தங்கும், கறவையில் போடுவது தவறு. தட்டைப்புழுவுக்கு ஆக்சிகுளோசனைடு அல்லது டிரைகிளாபெண்டசோல்; இளம் புழுவையும் கொல்வது பின்னது மட்டும்.

தேசியப் பால்வள வாரியம் பரப்பிவரும் மூலிகை முறையில், சினை நிற்காத மாட்டுக்குப் பருவம் வந்த நாளிலிருந்து முள்ளங்கி, கற்றாழை, முருங்கை இலை, பிரண்டை, கறிவேப்பிலையும் மஞ்சளும் என்று வரிசையாகச் சில நாள் கொடுக்கிறார்கள். விலை இல்லாதது, தீங்கில்லாதது. சத்துக் குறையால் தவறும் மாட்டுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். பித்தக்குழாயில் தட்டைப்புழு அடைந்த மாட்டுக்கோ நியோஸ்போராவோடு பிறந்த கிடேரிக்கோ இது பதில் ஆகாது. எந்த மாடு எந்த வகை என்று பிரிக்காமல் கொடுத்தால் மூலிகையும் கெட்ட பெயர் வாங்கும், மருந்தும் வாங்கும்.

பிரிப்பதற்கான கருவி பெரிதாக ஒன்றுமில்லை: சாணப் பரிசோதனை. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உருளைப்புழு முட்டை உப்புக் கரைசலில் மிதக்கும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கும். மிதவை முறையில் மட்டும் பார்த்து ‘புழு இல்லை’ என்று எழுதிக்கொடுத்தால் கல்லீரல் புழு தப்பித்துவிடும். இரண்டு முறையிலும் பார்க்கச் சொல்லிக் கேட்பது வளர்ப்பவரின் உரிமை. தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்தகத்தில் முடியாததை அங்கே கொண்டுபோகலாம்.

கிடேரிக்கு மூன்று தடவை பார்த்தால் போதும்: 6 மாதத்தில், ஒரு வயதில், முதல் ஊசிக்கு முன்பு. நெல் பூமியில் மழைக்காலம் கழித்து மார்கழி, தை வாக்கில் இன்னொரு தடவை. முகாமுக்குக் கறவை மாட்டை ஓட்டிவரும்போது கிடேரியையும் கன்றையும் சேர்த்து ஓட்டிவர வேண்டும். தரையில் கிடந்து காய்ந்த சாணம் உதவாது. அன்று காலை போட்டதில் ஒரு கைப்பிடி, தனித்தனிப் பையில், ஒவ்வொன்றின் மேலும் காது வில்லையின் 12 இலக்க எண்; கூடவே கடைசியாக ஊசி போட்ட தேதி, கன்று வீசியிருந்தால் எத்தனையாவது மாதம் என்று ஒரு துண்டுச் சீட்டு.